ஏழாம் இலக்கப் பெனியன்

முருகன் ஆணை, நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் என்றால் என் நாலு ஏக்கர் வயலையும் பன்றி உழுதுவிட்டுப் போகட்டும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, உடையார்கட்டு. தண்ணீரூற்றுக் கழகத்தோடு எங்கள் குளத்தடி வாலிபர் கழகத்துக்கு வொலிபோல் பந்தயம். ஆறு பேருக்கும் புதுச் சட்டை தைத்தாயிற்று. தலைவர் அப்புத்துரையர் சபையைக் கூட்டினார்.

முதல் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. எங்கள் உடுப்பு வெளுக்கும் கட்டாடி நடராசாவின் மகன் பாலனைச் சேர்ப்பதா?

பாலன் எம்பி அடித்தால் பந்து நிலத்தில் குழி பறிக்கும். மாரியில் அந்தக் குழிகளில் மீன் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அவனுக்குக் கழகம் என்பது வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கித் தருவதுதான். ஒரு நாளாவது உள்ளே நின்று ஆட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"கெட்டிக்காரன்தான்," என்றார் அப்புத்துரையர். "அதுக்காக எங்கடை பெடியளோடை ஒரே சட்டையிலை நிக்கிறதே? வேண்டாமெண்டுறவை கையை உயத்துங்கோ."

முதலில் உயர்ந்தது என் கை. திட்டுவதென்றால் திட்டுங்கள்.

அப்புத்துரையர் ஒரு விதியும் எழுதி மத்தியஸ்தருக்கு அனுப்பினார்: முதுகில் கழகத்தின் பெயரும் இலக்கமும் இல்லாதவன் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது விஷயம் மூன்று மணித்தியாலம் எடுத்தது. அந்த இலக்கத்தை எதனால் போடுவது?

"துணியிலை வெட்டித் தைப்பம்."

"தண்ணீரூற்றான் இலக்கத்தைப் பிச்சுக்கொண்டு போடுவான்."

"பஸ்ஸுக்குப் பேர் எழுதுற பெயின்ற்?"

"அது காஞ்சு உதிரும். ஆறாம் இலக்கத்தான் மூண்டாம் நாள் அஞ்சாம் இலக்கத்தான்."

கடைசியில் சேங்கொட்டை என்று முடிவாயிற்று. ஆருடைய உடுப்பு எது என்று தெரியக் கட்டாடிமார் குறி போடுகிற கறுப்புச் சாறு. துணி கிழியும், குறி போகாது. கட்டாடியின் மகன் ஆகாது, கட்டாடியின் குறி ஆகும். எங்கள் சபையின் தத்துவம் அப்படி.

நடராசாவைக் கூப்பிட்டு முற்றத்தில் நிற்கவைத்தார்கள்.

"சாறு போட்டு, சுண்ணாம்பு பூசி, மூண்டு நாள் காயவிட்டுத் தோய்க்கவேணும் நயினார்," என்றார் அவர். "பச்சையாய் மேலிலை பட்டால் கொப்புளம் போடும்."

"முதல்லை மாதிரி ஒண்டு போட்டுப் பாக்கவேணும்," என்று ஆரோ சொன்னார்கள். "மாதிரியெண்டால் பேர், இலக்கம் எல்லாம் அசல்போலை இருக்கவேணும்."

ஆறு பேரும் தங்கள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"உன்ரை மகன்ரை பழைய பெனியனிலை போடு," என்றார் அப்புத்துரையர். "எங்களிட்டை ஏழாவது ஆள் இல்லை, ஏழெண்டு போடு. ஏழுதரம் தோய்ச்சுக் கொண்டுவா."

ஏழுதரம் தோய்த்ததில் பெனியன் சல்லடையாயிற்று. எழுத்து மட்டும் புத்தம்புதிது. நம்பாமல் அப்புத்துரையர் தானே உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கல்லில் தேய்த்தார். கல் தேய்ந்தது.

"அசல் சாமான்," என்று பெனியனை நடராசாவிடம் எறிந்தார்.

ஆறு சட்டைக்கும் இலக்கம் போட்டுக் காய்ந்தாயிற்று. பந்தய நாள் காலை. கப்டன் தவராசா, அப்புத்துரையரின் ஒரே மகன். அவன் அடித்த பந்து வலையைத் தாண்டியதைக் கண்டவர் இல்லை. கப்டனின் இலக்கம் மற்றவர்களுடையதைவிடக் கறுப்பாக இருந்தால்தான் வடிவு என்று ஆரோ அவன் காதில் போட்டிருந்தார்கள்.

"பச்சைச் சாறு வேண்டாம், சின்ன நயினார்," என்றார் நடராசா.

"வெளுக்கிற உனக்குக் கறுப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று மிச்சச் சாற்றைப் பறித்துத் தானே பூசி, ஈரத்தோடு போட்டுக்கொண்டான்.

பத்து நிமிட ஆட்டம். நல்ல வெயில், நல்ல வியர்வை. தவராசா தோளை நெளித்தான். யானை மரத்தில் உரஞ்சுவதுபோல வலைக் கம்பத்தில் முதுகை உரஞ்சினான். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளத்தைப் பார்த்து ஓடினான். அன்றைக்கு ஓட்டப் பந்தயம் இல்லாமல் போனது எங்கள் கழகத்தின் துரதிர்ஷ்டம்.

மத்தியஸ்தர் அல்பேர்ட் முல்லைத்தீவுக் கரையார், கடலை நம்பிப் பிழைக்கிற சாதி; எங்கள் ஊர் நயினார்மாருக்குப் பயமில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆறாவது ஆள் இல்லாட்டி வெற்றி தண்ணீரூற்றுக்கு." அவருடைய கண் சனத்தைச் சுற்றி வந்து வேலியடியில் நின்றது. "அந்தா நிக்குது ஏழாம் இலக்கம். தம்பி, இறங்கும்."

"அது எங்கடை ஆளில்லை," என்றார் அப்புத்துரையர்.

அல்பேர்ட் பாலனின் முதுகை வாசித்தார். "பேர் இருக்கு, இலக்கம் இருக்கு. நீங்கள் எழுதி அனுப்பின விதிதானே ஐயா? உங்கடை இல்லையெண்டால் தோய்ச்சு அழிச்சுப்போட்டு வாங்கோ. அஞ்சு நிமிசம் தாறன்."

அப்புத்துரையர் தோய்க்கப் போகவில்லை. ஏற்கெனவே தோய்த்துப் பார்த்தவர் அல்லவா?

பாலன் தகப்பனைப் பார்த்தான். "போடா," என்றார் நடராசா.

அவன் அடித்த கடைசிப் பந்து இன்னும் நிலத்துக்குள்தான் கிடக்கிறது. நம்பாதவர்கள் மண்வெட்டியோடு வரலாம்.

வெற்றிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அப்புத்துரையர் பேசினார்: "எங்கடை கழகத்திலை வேற்றுமை கிடையாது. ஏழாம் இலக்கம் போடச் சொன்னதே நான்தான்."

தவராசா இரண்டு கிழமை வாழை இலையில் குப்புறக் கிடந்தான். மாதிரி போடச் சொன்னது ஆர், கப்டன் காதில் கறுப்பைப் போட்டது ஆர், அந்தப் பெனியனோடு வந்து நில் என்று பாலனுக்குச் சொல்லிவிட்டது ஆர் என்று அப்புத்துரையர் இன்னும் தேடுகிறார். தேடுகிற யோசனையையும் என்னிடம்தான் கேட்கிறார், கதிரை போட்டு இருத்தி, கோழிக்கறியும் தந்து.

கதையை ஆருக்கும் சொல்லுங்கோ. சொன்ன ஆளை மட்டும் சொல்லிப்போடாதேயுங்கோ. முதலில் கை உயர்த்தினவனை அவர் இன்னும் சந்தேகப்படவில்லை.