முன் வரிசை

"உன் புருஷனுக்கு ஈமான் செத்துப்போச்சு!"

தங்கையிடம் கத்திக்கொண்டேதான் தையல் கடைக்குள் நுழைந்தார் பள்ளிவாசல் தலைவர். பின்னாலேயே அவள், முக்காட்டை இழுத்துவிட்டபடி.

தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"வாங்க மச்சான். உட்காருங்க."

"உட்கார வரல மாப்ள. எதிர்ல பள்ளிவாசல். பாங்கு சத்தம் முதல்ல உங்க கடைக்குள்ளதான் விழுது. எல்லாரும் சேர்ந்து தொழற ஜமாஅத்துல உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு? வெள்ளிக்கிழமை மட்டும் பஸ் ஏறி வேற பள்ளிக்குப் போறீங்களாம். ஏன், எங்க பள்ளி கசக்குதா? தலைவரோட தங்கச்சி மாப்பிள்ளையே வரலன்னு ஊரே கைகொட்டிச் சிரிக்குது!"

தங்கை அழ ஆரம்பித்தாள்.

"முதல்ல வீட்டுல பேச்சு குறைஞ்சுதுண்ணே. துஆவுக்குக் கை ஏந்துவாரு, உதடு அசையாது. அப்புறம் பள்ளிக்குப் போறதையே விட்டுட்டாரு. கேட்டா சுவத்தைப் பார்ப்பாரு."

"இதைத்தான் நம்ம இமாம் ஹஜ்ரத் பயான் பேசறப்ப சொன்னாரு. ஈமான், அதான் அல்லாஹ் மேல உள்ள நம்பிக்கை, குறையிறது வெளியில தெரியாது, கரையான் மாதிரி உள்ளுக்குள்ள அரிக்கும்னு. தொழுகை பாரமாயிடும். நல்லது கேட்டா நெஞ்சு இளகாது. ஒவ்வொண்ணா அவர் சொல்லச் சொல்ல, எனக்கு உங்க முகம்தான் மாப்ள கண்ணு முன்னால வந்துச்சு!"

தையல்காரர் விரலில் சுற்றியிருந்த நூலை மெதுவாகப் பிரித்தார்.

"உண்மைதான் மச்சான். எனக்கு ஈமான் குறைஞ்சுதான் போச்சு."

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"பார்த்தியா, அவர் வாயாலேயே வந்துடுச்சு! இங்க பாருங்க மாப்ள, இப்படியே இருந்தீங்கன்னா உங்க பொண்ணு நிக்காஹ்ல தாய்மாமனா நான் வந்து உட்காரமாட்டேன். சொல்லிட்டேன்."

"அண்ணே!" என்று பதறினாள் தங்கை.

"என்னைக்குக் குறைஞ்சுதுன்னும் எனக்குத் தெரியும்," என்றார் தையல்காரர். "பள்ளிக்குப் புதுக் கம்பளம் விரிச்ச அன்னைக்கு. சாயங்கால அஸர் தொழுகை. மீன் மார்க்கெட்டுல ஐஸ் உடைக்கிறவர் எல்லாருக்கும் முன்னாடி வந்து, முன் வரிசையில என் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. நீங்க அவர் தோளைத் தட்டி, பின்னால போன்னு விரலைக் காட்டினீங்க."

"ஆமா, காட்டினேன். கைலியெல்லாம் ஈரம். கிட்ட நிக்க முடியல, மீன் வாடை. ஊர்க்காசுல வாங்கின கம்பளம் மாப்ள! அதுக்கும் உங்க ஈமானுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

"தொழறதுக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்ச ஈரம் மச்சான் அது!"

கத்தரிக்கோல் மேசையில் 'ணங்'கென்று விழுந்தது. தையல்காரர் குரலை உயர்த்தி அவர் மனைவியே கேட்டதில்லை.

"குளிச்சு, வேற சட்டை மாத்திக்கிட்டு வந்திருந்தாரு அந்த மனுஷன். அல்லாஹ்வோட வீட்டுல நின்னவரை நீங்க விலக்கி அனுப்புனீங்க. அது உங்க பாவம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல. மச்சான் தலைவராச்சே, நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். வரிசையில இடைவெளி விடக்கூடாதுல்ல? அவர் நின்ன இடத்துல நானே நகர்ந்து நின்னேன். அவர் காலடி ஈரம் என் பாதத்துல பட்டுச்சு. கூசாம தொழுகைக்குக் கையைக் கட்டினேன்."

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அன்னைக்கு நான் என்ன ஓதினேன்னே எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் எந்தத் தொழுகையும் உள்ள இறங்கல. மார்க்கெட்டுக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். 'விடுங்க பாய்'னு சிரிச்சாரு. ஆனா பள்ளிக்கு மட்டும் இனி வரலன்னுட்டாரு. அவரை வரவிடாம பண்ண இடத்துக்கு நான் மட்டும் எந்த முகத்தோட வர்றது?"

"நீங்களா அண்ணே அப்படிச் செஞ்சீங்க?" தங்கையின் அழுகை நின்றுபோயிருந்தது.

"பள்ளின்னா ஒரு ஒழுங்கு வேணாமா? எல்லாரும் இஷ்டத்துக்கு நின்னா..." தலைவர் தடுமாறினார். "சரி, இப்ப அஸர் நேரம். என்னோட வர்றீங்களா, இல்லையா? ஒரே பேச்சு!"

எதிரே பாங்கு ஒலித்தது.

தையல்காரர் வெட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினார். பட்டன் தைக்கும் இரண்டு பேர் பாயை உதறி விரித்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அவர் பின்னால், தலைமயிரில் தண்ணீர் சொட்ட, ஒல்லியாக ஒருவர்.

ஐஸ்காரர்.

தலைவரின் வெள்ளை ஜிப்பாவைப் பார்த்ததும் அவர் சட்டென்று நின்றார். யாரும் சொல்லாமலே, தானாகவே பின்சுவரை ஒட்டிப் போய் நின்றுகொண்டார்.

தையல்காரர் போய் அவர் கையைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இங்க இவர்தான் மச்சான் எங்களுக்குத் தொழவைக்கிறவர்."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. விருட்டென்று திரும்பி வாசலுக்குப் போனார். தங்கை அவரோடு போகவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தானும் தொழ, துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வரிசை கட்டினார்கள். தொழுகையைத் தொடங்கும் முன் ஐஸ்காரர் திரும்பி, தோளோடு தோள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அவர் பார்வை வாசலில் போய் நின்றது. அங்கே தலைவர், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக.

ஐஸ்காரர் தையல்காரரைக் கொஞ்சம் நகரச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"முன் வரிசையிலேயே இடம் இருக்கு பாய். வாங்க."