ஆளுக்கு எட்டு நிமிடம்

யாரை உட்கார வைப்பது என்று தையல் மாஸ்டர் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆடுகளத்தின் ஓரத்தில் அவரைச் சுற்றி ஐந்து பெண்கள் நின்றார்கள். ஐவரும் அவர் வாயையே பார்த்தார்கள். மேட்ச் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

வார விடுமுறையில் நடக்கும் கடைகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டியில், இருப்பதிலேயே இளசான டீம் இவர்களுடையது. துணிக்கடை டீம். அந்தக் கடையின் தையல் மாஸ்டர்தான் கோச். பிறந்து நாலே மாதம். ஒன்பது மேட்ச் ஆடி ஒன்பதிலும் மண்ணைக் கவ்வியிருந்தார்கள்.

ஆள் மொத்தமே ஐந்து. மாற்றுக்கு ஒருத்தி கிடையாது. இருந்தாலும் மாஸ்டர் ஒவ்வொரு மேட்சுக்கும் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தொண்டையைச் செருமி, என்னமோ ஐம்பது பேரில் பொறுக்கியெடுத்ததுபோல ஐந்து பெயரை வாசிப்பார். அவர்களும் தங்கள் பெயர் வந்ததும் நம்ப முடியாமல் வாயைப் பிளப்பார்கள்.

அவர்கள் ஓடுகிற நாற்பது நிமிடமும் ஓரத்து நீளப் பெஞ்சில் தண்ணீர் பாட்டில்கள்தான் உட்கார்ந்திருக்கும். மாஸ்டர்கூட உட்கார மாட்டார். கொடுத்து வைத்த பாட்டில்கள்.

இன்றைக்கு ஆறாவது ஆள் வந்துவிட்டாள். பில் போடுகிற பெண். கல்லா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது நிமிடமும் ஓட விட வேண்டும், ஒரு நொடிகூட உட்கார வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்திருந்தாள்.

அப்படியென்றால் பழைய ஐவரில் ஒருத்திக்குப் பெஞ்ச் நிச்சயம்.

அது தெரிந்ததிலிருந்து ஒருத்திக்கும் தலைகால் புரியவில்லை.

கடையில் எந்தப் பிரிவில் நிற்கிறார்களோ அதுதான் அவர்களுக்குப் பெயர். போர்வை காலையில் இடது காலை நொண்டினாள். மறந்துபோய் இப்போது வலது காலை நொண்டினாள். துண்டு, தன் கைக்குப் பந்து வந்தால் டீமுக்கே நஷ்டம் என்று தன்னைப் பற்றித் தானே கோள் சொன்னாள். டீமிலேயே உருப்படியாகக் கூடை போடுகிற சட்டை, இத்தனை நாள் உழைத்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டாள். தொப்பி ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் பார்க்கிற பக்கமாக வந்து நின்று கண்ணைக் கசக்கினாள்.

எதிர்த்து ஆடவிருந்த செருப்புக்கடை டீமின் கேப்டன் இந்தத் தள்ளுமுள்ளைப் பார்த்தாள். ஆடுவதற்கு எப்படித் துடிக்கிறார்கள் பாருங்கள் என்று தன் ஆட்களுக்குப் புத்தி சொன்னாள்.

சாக்ஸுக்கு மட்டும் நிஜமாகவே அழுகை வந்தது.

சற்றுமுன் நடந்த பயிற்சியில் வேண்டுமென்றே கோட்டை விட்டால் மாஸ்டர் தன்னைக் கழித்துக்கட்டிவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். உள்ளே போனது. முதுகைத் திருப்பிக்கொண்டு எறிந்தாள். அதுவும் போனது. மூன்றாவதைச் சுவரைப் பார்த்து எறிந்தாள். பாழாய்ப்போன பந்து சுவரில் பட்டு, பலகையில் பட்டு, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சமர்த்தாக உள்ளே இறங்கியது. ஒன்பது மேட்சிலும் சேர்த்து அவள் போட்டதே இரண்டு கூடைதான்.

நேரம் சரியில்லையென்றால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். அவளுக்கு ஒட்டகத்தின் மேல்கூட உட்காரக் கொடுத்து வைக்கவில்லை.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். செருமினார். பையிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்தார். துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் அதன் பின்பக்கம் ஐந்து கோடு கிழித்திருந்தார்.

“நாப்பது நிமிஷம், அஞ்சு பேரு. ஆளுக்கு எட்டு நிமிஷம் உக்காரலாம். இப்ப யாரு நல்லா போட்டாளோ, அவளுக்கு முதல் எட்டு.”

நால்வரும் சாக்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். போர்வையின் இரண்டு காலும் அந்த நொடியே குணமாகிவிட்டன. சாக்ஸ் தன் கணக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லிக் கெடுத்துக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா?

விசில் ஊதியதும் கல்லா அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோலப் பாய்ந்தாள். சாக்ஸ் பாட்டில்களை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் நுனியில். பிறகு நன்றாகத் தள்ளி. பிறகு சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி. அம்மாடி, என்ன சுகம்! அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

கல்லா முதல் கூடையைப் போட்டாள். நாலு மாதத்தில் முதன்முறையாக அவர்கள் முந்தியிருந்தார்கள். சாக்ஸுக்கு அதுகூட இரண்டாம்பட்சம்தான்.

அப்போது கடையின் மாடி சூப்பர்வைசர் மேட்ச் பார்க்க உள்ளே வந்தார்.

சாக்ஸ் விருட்டென்று எழுந்துவிட்டாள். நீட்டியிருந்த கால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. வாங்க சார், என்ன பாக்குறீங்க என்று வாய் தானாகக் கேட்டது.

காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை அவள் நிற்கிற பழக்கம் அது. அந்த நாலு மாடிக் கடையில் வேலை செய்கிறவர்களில் உட்கார இடம் உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கல்லா. இன்னொருவர், தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூல் போட்டிருக்கும் மாஸ்டர். மற்றவர்கள் அலமாரியில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் வந்துவிடுவார்.

மாஸ்டர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையிலிருந்த பில்லால் பெஞ்சைத் தட்டினார்.

“உக்காரும்மா. இது கடையில்ல.”

சாக்ஸ் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரு காலைத் தூக்கி, மெதுவாகக் கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

ஆடுகளத்தில் அதைப் பார்த்த போர்வை, கையிலிருந்த பந்தை நழுவவிட்டு வாயைப் பிளந்து நின்றாள். செருப்புக்கடை அந்தப் பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டது. போர்வையை யாரும் திட்டவில்லை.

சாக்ஸுக்கு இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது.