பதில் பக்கம்

"படுத்த படுக்கையா கெடக்கிற மனுஷன்கிட்டப் போயி, கடவுள் இல்லேன்னு பேசறதா? இதைவிட அக்கிரமம் உண்டா?"

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த விஜயகுமாரி டீச்சருக்கு ரத்தம் கொதித்தது.

சேதி சொன்னவர் சபைச் செயலாளர் சுதாகர். "தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாண்ணு ஆஜராம் டீச்சர். பை நிறையப் புத்தகம் வேற."

'ஆஜர்' ஆனவர் மருதமுத்து. நிலக்கரிச் சுரங்கத்தில் நிலவியல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். டவுன்ஷிப்பில் எந்த மேடை கிடைத்தாலும் எல்லா மதத்தையும் வறுத்தெடுப்பார்.

படுக்கையில் கிடப்பவர் துரைராஜ். அதே சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்தவர். சபையின் மாத இதழில் 'பதில் பக்கம்' எழுதுபவர். வேதத்துக்கு எதிராக அறிவியலை நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகளுக்கு அதில் நிதானமாகப் பதில் வரும்.

பக்கவாதம் வந்து பதினோரு மாதம். ஒரு இதழ்கூடத் தவறவில்லை. அவர் மனைவி அமிர்தம், பக்கங்களைப் படம் பிடித்து போனில் அனுப்பிவிடுவாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள் என்று நினைத்து, இதழாசிரியையான விஜயகுமாரி மாதாமாதம் நெகிழ்ந்துபோவாள்.

"அந்த எழுத்தை நிறுத்தத்தான் வர்றாரு. இன்னைக்கே ஒரு முடிவு கட்டறேன்."

சாயங்காலம் ஸ்கூட்டியில், துரைராஜ் குடியிருக்கும் வடக்குத்து கிராமத்துக்குப் போனாள். நாலு பேரிடம் வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள்.

ஜன்னல் வழியே மருதமுத்துவின் குரல் கேட்டது.

"நல்லாக் கேட்டுக்க துரை. மூளையில ரத்தக் குழா அடைச்சுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ ஒரு வேளைகூட ஜெபம் தவறினவன் இல்ல. அந்த ஜெபத்தால ஒரு சின்ன அடைப்பை எடுக்க முடியலியே, ஏன்?"

அதற்கு மேல் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே பாய்ந்தாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்? எழுந்து உக்காரக்கூட முடியாதவர்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

மருதமுத்து நோட்டை மூடினார்.

கட்டிலில் இருந்த துரைராஜின் உதடு துடித்தது. பாவம், வாதாடக்கூடத் தெம்பில்லை என்று நினைத்தாள்.

"போன மாசம் பதில் பக்கத்துல அண்ணன் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"சுரங்கத்துல நிலக்கரியோட எடுக்கிற மரம் கோடி வருஷத்துக்கு முந்தினது, ஆறு நாள்ல எப்படி உலகம் உண்டாச்சுன்னு உங்களை மாதிரி ஆளுங்க கேப்பீங்கல்ல? சூரியனே நாலாம் நாள்தான் வருது, முதல் மூணு நாளை எந்தக் கடிகாரத்தை வெச்சு அளந்தீங்கன்னு அண்ணன் திருப்பிக் கேட்டாரே! இருக்கா பதில்?"

"இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்போ கெளம்புங்க! இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

மருதமுத்து பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். துரைராஜ் இடது கையால் கட்டிலை ஓங்கி ஓங்கி அடித்தார்.

"பாத்தீங்களா, அண்ணனுக்கே எவ்ளோ கோவம்!"

சத்தம் கேட்டு அடுப்படியில் இருந்து அமிர்தம் ஓடி வந்தாள்.

"ஐயோ, அவரை ஏன் டீச்சர் தொரத்துறீங்க?"

"நீங்க என்னக்கா, அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் ஊழியமா எழுதிக்கினு, இன்னொரு பக்கம் இவருக்குக் கதவைத் தொறந்து விடறீங்க?"

"நான் எழுதறனா? எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். எங்க வூட்டுக்காரருக்குப் பேச்சு நின்னே பதினோரு மாசம் ஆவுது. சபையில இருந்து ஒருத்தராச்சும் எட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

விஜயகுமாரி மருதமுத்துவின் பக்கம் திரும்பினாள். "அப்போ... பதில் பக்கம்?"

அமிர்தம் மருதமுத்துவின் கையில் இருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கேள்வியும் இவருதான் கேப்பாரு. எங்கெங்கயோ தேடிப் படிச்சு, பதிலும் இவரேதான் எழுதுவாரு. எங்க வூட்டுக்காரரு 'சரி'ன்னு தலையாட்டற வரைக்கும் அடிச்சு அடிச்சு எழுதிட்டு, அப்புறந்தான் உங்களுக்கு அனுப்பச் சொல்லுவாரு."