மண்டியிடும் வண்டி

விடிவதற்குள் வண்டி உட்கார்ந்துவிடும். ஹமூதுக்கு அது பழகிவிட்டது.

இன்றைக்கும் முற்றத்தில் வயிறு மணலைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. மணல்மேடுகளிலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. வேலியும் பேரீச்ச மரங்களும் பாதி இருந்தன, பாதி இல்லை.

ஒரு காலத்தில் மஸ்கட்டில் யாரோ பெரிய மனிதர் ஏறிப் போன வண்டி. தோல் இருக்கை, மர வேலைப்பாடு, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்குகிற வண்டி. பைகள் வெயிலில் விரிசல் கண்டு இரவெல்லாம் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். எஞ்சினைப் போட்டால் கம்ப்ரஸர் காற்றடித்து மெல்ல எழுப்பும்.

வாங்கி வந்த அன்று ஊரே ஒரு பாட்டம் சிரித்தது. மெக்கானிக் ஷம்பே மட்டும் சிரிக்கவில்லை.

"காத்துப் பையத் தூக்கி வீசிட்டு இரும்பு ஸ்பிரிங் மாட்டிக்க, ஹமூதே. அடிச்சாலும் உக்காராது."

பார்க்கிறபோதெல்லாம் இதையே சொன்னான். ஹமூதும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, பழைய காற்றுப் பைக்கே ஒட்டுப் போடச் சொன்னான்.

அவனுக்கு வண்டி உட்காரத்தான் வேண்டும்.

அவன் வாப்பா மர்ஹூனுக்கு எண்பத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முதலில் சாமான் ஏற்றுகிற உயரமான பிக்கப் வண்டியில்தான் ஏற்றப் பார்த்தார்கள். அண்ணன் பிள்ளைகள் இருவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். கைத்தடியால் ஆளுக்கொன்று வைத்தார் பெரியவர். அதற்குப் பிறகு வீட்டைவிட்டு நகர மறுத்துவிட்டார். இரண்டு முறை தவறியதும் உடம்பு ஊதி, மூச்சு முட்டி, போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் ஹமூத் எதையும் யோசிக்காமல் மலிவாகக் கிடைத்ததே என்று இந்த வண்டியை வாங்கி வந்தான். மறுநாள் காலையில் தரையோடு படுத்திருந்த அதை வாப்பா வெகுநேரம் பார்த்தார். கிட்டே போய் முன்பக்கத்தைத் தடவினார்.

"ஸம்ஹா," என்றார்.

ஸம்ஹா, வாலிபத்தில் அவர் பந்தயத்தில் ஓட்டிய பெண் ஒட்டகம்.

தடியை ஊன்றி, ஒரு காலை உள்ளே வைத்து, யார் கையும் படாமல் தானே ஏறி உட்கார்ந்தார். வண்டி எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒட்டகக்காரர்களின் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடியே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஹமூத் ஒரு பொத்தானை அழுத்தினான். வண்டி பெருமூச்சு விட்டு மறுபடி தாழ்ந்தது. வாப்பா தானே இறங்கிக்கொண்டார்.

வாப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஹமூதுக்குப் புரிந்தது. துக்கமாக இருந்தது. கூடவே, இப்படியாவது வருகிறாரே என்ற நிம்மதியும் இருந்தது.

அன்றிலிருந்து அவனும் ஒத்து ஊதினான். ஸம்ஹா தண்ணீர் குடித்தாளா என்று கேட்டால், வயிறு முட்டக் குடித்தாள் என்பான். பனிக்காலையில் மேடும் பள்ளமுமாகப் போகும்போது வண்டி காற்றின் மேல் மிதந்து மிதந்து ஆடும். பாட்டும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். தரையே தெரியாத அந்த வெண்மைக்குள், தான் எதில் போகிறோம் என்று ஹமூதுக்கே சில நேரம் சந்தேகம் வரும்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது.

இன்று வாப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். ஹமூத் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஓடியது. வண்டி எழவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டான். அப்போதும் எழவில்லை.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இப்படியே தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டினால் ஊர் எல்லைகூடத் தாண்டாது. முற்றத்துக் கோடியில் பிக்கப் நின்றது. அதில் ஏற்ற வேண்டுமானால் தூக்கத்தான் வேண்டும். வாப்பா முரண்டு பிடித்து இந்த முறையும் தவறினால், உயிர் திரும்பி வரும் என்பது நிச்சயமில்லை.

"வாப்பா, ஸம்ஹாவுக்கு இன்னிக்கு முடியல. கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும். நாம வேணா..."

வாப்பா தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"கம்ப்ரஸர் போச்சுடா. ஷம்பே போன மாசமே மாத்தச் சொன்னான். நீதான் கேக்கல."

ஹமூதின் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

"ஸம்ஹா செத்து நாப்பது வருஷமாச்சு. குழி வெட்டினதே நான்தான்." வாப்பா அவனைப் பார்க்காமல் பேசினார். "மூட்டை மாதிரி தூக்கி வைக்கிறாங்கன்னு ஊரு பேசறதுக்கு, கிழவனுக்குப் புத்தி போச்சுன்னு பேசினா தேவலன்னு இருந்துச்சு."

யார் யாரை இத்தனை நாள் கூட்டிப்போனார்கள் என்று ஹமூதுக்கு இப்போதுதான் விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது, வாப்பாவின் மேல் பிரியம் பொங்கிக்கொண்டும் வந்தது.

வாப்பா பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பனியில் சுவர்கூடத் தெரியவில்லை.

"சரி, தூக்கு," என்றார். "கண்ண மூடிக்கிட்டுத் தூக்கு. வழி நான் சொல்றேன்."

ஹமூத் சுற்றி வந்து கண்ணை மூடிக்கொண்டான். முதுகுக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் கை கொடுத்துத் தூக்கினான். கனமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"நேரா... இப்ப வலப்பக்கம்... இன்னும் வலப்பக்கம். அங்க பள்ளம், மெதுவா."

பிக்கப் இருபது காலடித் தூரத்தில்தான் நின்றது என்று ஹமூதுக்கு நன்றாகத் தெரியும்.

எண்பது காலடி ஆகிவிட்டது. வாப்பா நில் என்று சொல்லவில்லை. ஹமூதும் கண்ணைத் திறக்கவில்லை.