தீம் பார்க்கில் ஒரு தாராவிச் சந்து

செம்பூர் பத்ரிநாராயணன் தாராவிக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஊருக்கு வெளியே நெருளைத் தாண்டி எழும்பிய தீம் பார்க்கில் தாராவிச் சந்து ஒன்றை வடிவமைத்தவர் அவர்தான். ஃபைபர் கதவுகளைச் செய்துகொடுத்தவர் தாராவிப் பட்டறைக்காரர் நசீர்.

திறப்பு விழாவன்று காலையில் பத்ரி விருந்தினர்களுக்கு நுணுக்கங்களை விளக்கினார். துரு, ஈரக்கறை எல்லாமே பெயின்ட்.

"கதவு எதுவும் தொறக்காது. பின்னாடி வெறும் சுவர்தான். இந்த மாதிரி வீட்டுக்கு உள்ளேன்னு ஒண்ணு எதுக்கு?" என்று சிரித்தார். நசீர் ஓரமாக நின்று ஒரு கதவின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிப் பெண் ஒருத்தி போட்டோவுக்காக ஒரு கதவைத் தட்டினாள்.

"யாரு? இருங்க, சோறு வடிச்சிட்டு வாரேன்" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

எல்லோரும் கைதட்டினார்கள். பத்ரி நசீரை முறைத்தார்.

"யாரைக் கேட்டுய்யா ஸ்பீக்கர் வச்சே?"

"நான் எதுவும் வைக்கல சார். பொறத்தால எடமே கெடையாதே."

"உங்க புத்தி தெரியாதா எனக்கு?" என்றபடி பத்ரி கதவை நெருங்கினார்.

கதவின் அடியிலிருந்து கஞ்சி சுடச்சுட வழிந்து அவருடைய ஷூவை நனைத்தது. உள்ளே யாரோ கதவை நோக்கி நடந்து வந்தார்கள். கைதட்டல் பலமானது.

பத்ரி கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றி, கதவு உள்பக்கமாகத் திறந்துவிடாமல் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.