முதலில் ஏந்தியவள்

அந்த ஊரில் பெண் குழந்தை பிறந்தால், அதை முதலில் கையில் ஏந்தியவளின் பெயரையே வைப்பார்கள். மருத்துவச்சி யேமா சந்தையில் நின்று தன் பெயரைத் தானே கூவினால், பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். பிறகு அரசாங்கம் சுகாதாரத் துறையைச் சீர்திருத்தியது. பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான், வீட்டில் பார்த்தால் அபராதம். தலைநகரிலிருந்து ஜெனெபா என்கிற நர்ஸ் வந்தாள். கர்ப்பிணிகளை அவளிடம் கொண்டுபோய் விடுவதுதான் சில வருஷங்களாக யேமாவின் வேலை. ஒருநாள் கூட்டிப்போன பெண்ணும் ஒரு யேமாதான். மருத்துவச்சியே ஏந்திய பிள்ளை.

“இப்பல்லாம் பிரசவத்துல யாரும் சாகிறதில்ல. அதுக்காவது சந்தோஷப்படக் கூடாதாம்மா?” என்றாள் அந்தப் பெண்.

“சந்தோஷந்தான். ஆனா பொண்ணு பொறந்தா அந்த நர்ஸ் பேரை வைக்காதே.”

பெண்தான் பிறந்தது. ஜெனெபா என்றுதான் பெயர் வைத்தார்கள். மருத்துவச்சி யேமாவுக்கு வயிறு எரிந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, “அடியே ஜெனெபா, வெளியே வாடி!” என்று கத்தினாள். நர்ஸ் காதில் விழவில்லை. தடுப்பூசிக்குக் காத்திருந்த குட்டிப் பெண்கள்தான் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தி தத்தித் தத்தி வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் யேமாவிடம் நீட்டினாள்.