நம்ப முடியாத ஒரே இடம்

பூட்டு சரி, விஷம் சரி, கொலைகாரி சொன்ன பொய்கூடச் சரி என்று லிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டார்.

ஓர் இடம்தான் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் இல்லை. காத்திருப்போர் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாதம் ஒரு துப்பறியும் நாவல். புதிதாக வந்ததாக இருக்க வேண்டும். எல்லோரும் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். டாக்டரம்மா ஆரம்பித்து வைத்த கூட்டம் அது.

லிஃப்ட்காரர் என்பது அங்கே வைத்த பெயர். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். இப்போது ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு ஊரில் ஒரு தங்கை. நினைத்துக்கொண்டால் போன் செய்வாள்.

புதுப் புத்தகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்.

துப்பறிகிற போலீஸ்காரி என்றால் விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், தூக்கம் வரக்கூடாது என்று எவனோ சட்டம் போட்டுவிட்டான் என்பார். கொலைகாரனே கதை சொல்கிற நாவல்கள் மலிந்துவிட்டன. கொன்றவனெல்லாம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டால் போலீசுக்கு என்ன வேலை என்பார். கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு இன்னொரு கடைசி அத்தியாயம் வைக்கிறவர்களை அவர் மன்னித்ததே இல்லை. அட்டையிலேயே 'திடுக்கிடும் முடிவு' என்று போட்டுவிட்டால், திடுக்கிடத் தயாராக உட்கார்ந்திருப்பவனை எப்படித் திடுக்கிட வைப்பது என்று கேட்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். இவர் பேச்சைக் கேட்கத்தான் வருகிறேன், புத்தகமெல்லாம் ஒரு சாக்கு என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கும் அவர் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

இந்த மாத நாவலில், மாடி வீட்டில் தனியாக இருந்த கணக்கர் ஒருவர் காலையில் செத்துப்போகிறார். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுகிறாள். அண்ணன் மகன் போன் செய்து பார்த்துவிட்டு ஓடி வருகிறான். சீட்டாடக் காத்திருந்த நண்பர், ஆளைக் காணோமே என்று படியேறி வருகிறார். இருட்டுவதற்குள் வாசலில் கும்பல்.

"காலையில செத்தவரைத் தேடி சாயங்காலத்துக்குள்ள மூணு பேர் வந்துடறாங்க. அதை மட்டும் என்னால நம்ப முடியலை," என்றார் லிஃப்ட்காரர்.

அவர்களில் இளையவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். ஒரு மனுஷரைக் காணோம் என்றால் யாராவது தேட மாட்டார்களா என்று கேட்டாள். கேலியாக அல்ல. நிஜமாகவே கேட்டாள்.

அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சொல்ல வேண்டும். இடுப்பு அசைய மறுத்தது. கூப்பிட்டுப் பார்த்தார். முதலில் மெதுவாக, அக்கம்பக்கத்தில் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று. பிறகு தொண்டை கிழிய. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். துண்டை வீசி வீசி வாளியைப் பக்கத்தில் இழுத்து, தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவனுக்காவது அடிக்க ஒரு மணி உண்டு என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

முன்னறையில் இருந்த போனுக்குக் காதைக் கொடுத்தபடி கிடந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு தடவை அடித்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடித்து ஓய்ந்தது. மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, அடி அடியாக நகர்ந்து போய் எடுத்துப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டி விற்கிற ஏதோ ஒரு கம்பெனி.

தங்கையிடம் சொல்லவில்லை. பதறுவாள். பதறிய பிறகு, எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட வேண்டியிருக்குமே என்று சங்கடப்படுவாள். எலும்பு முறியவில்லை, பிசகுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதோடு விஷயம் முடிந்தது.

இவர்களிடம் சொல்லலாம். நல்ல மனிதர்கள். சற்று முன்பு அவர் மெதுவாக உட்காருவதைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா தானே உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து முதுகுக்கு அண்டக் கொடுத்திருந்தார்.

லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அதற்குள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"போன மாசமும் இதையேதானேண்ணே சொன்னீங்க? நம்ப முடியலை, நம்ப முடியலைன்னு."

ஆமாம் ஆமாம் என்றது வட்டம். டாக்டரம்மாவுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அதோ அந்த ஜன்னலோர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், போன மாதப் புத்தகத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார், சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது என்றார். மருந்துக்கடைப் பெண்ணும் சிரித்தபடி தலையாட்டினாள்.

போன மாதக் கூட்டத்தன்றுதான் அவர் குளியலறைத் தரையில் கிடந்தார்.

லிஃப்ட்காரர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆமாம், சொன்னேன் என்றார்.

எல்லோரும் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொலைகாரியைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார்.